ஜன்னல் சீட்டு

போகிற வழியில் ஒரே ஒரு ஸ்குரூ கழன்றாலும் சரி, மறுநாளே காரை விற்றுவிட வேண்டும். இந்த நிபந்தனையின் பேரில்தான் அவள் காட்டைச் சுற்றிப் பார்க்க வரவே சம்மதித்தாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிற மனுஷன், யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்ட பழைய காரை ஆசை ஆசையாக வாங்கி வந்து, லீவு நாளெல்லாம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தார். கண்ணாடியைக்கூடக் கையால் சுற்றித்தான் ஏற்ற வேண்டும். அவள் அதற்கு வைத்த பெயர் தகர டப்பா.

“சரி, பந்தயம்” என்று அவரும் ஒப்புக்கொண்டார். வாய்தான் ஒப்புக்கொண்டது. முகம் சுண்டிப்போனது.

பின் சீட்டில் ஒரு ஜன்னல் பெரியவனுக்கு, இன்னொன்று சின்னவளுக்கு. நடுவில் நாத்தனார், கணவருடைய அக்கா. சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே துணி தேய்க்கிறவர். தம்பி கூப்பிட்டானே என்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கரடி பார்க்கப் போகிற இடத்துக்குப் பூஜை வேளைக் கரடியாக இவர் எதற்கு என்று அவளுக்கு இருந்தது.

நுழைவாயிலில் காவலர் கறாராகச் சொல்லி அனுப்பினார். கண்ணாடிகள் ஏற்றியே இருக்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. இறங்கவே கூடாது. ஒருவழிப் பாதை என்பதால் பாதியில் திரும்பவும் முடியாது.

முதலில் மான்கள் வந்தன. சின்னவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு மானுக்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டே வந்தாள். திடீரென்று நாத்தனார் அவளை இடுப்போடு தூக்கி நடுவில் போட்டுவிட்டு, தான் நகர்ந்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

“நீ நடுவுல உக்காரு. ஜன்னல் எனக்கு வேணும்.”

சின்னவள் உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த நிமிடம் ஓவென்று அழுதாள். முன் சீட்டிலிருந்து அவள் திரும்பினாள்.

“என்ன அண்ணி இது? குழந்தை ஆசையா பாத்துட்டு இருந்தா.”

“நானும் பாக்கத்தானே வந்தேன்.”

விட்டுக்கொடுத்துவிடேன் என்று தம்பியும் கெஞ்சிப் பார்த்தார். நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு என்று ஒரே வார்த்தையில் அவர் வாயையும் அடைத்தாயிற்று.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பது வயதில் குழந்தையோடு ஜன்னலுக்குப் போட்டி! திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்து, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தார்.

வளைவில் கரடி நின்றிருந்தது. அதுவும் அதே பக்கம், கையை நீட்டினால் தொடலாம் போல அவ்வளவு கிட்டே. கணவர் வண்டியை ஊர விட்டார். பெரியவன் எழுந்து எழுந்து பார்த்தான். சின்னவள் எட்டிப் பார்த்தாள். அத்தையின் முதுகுதான் தெரிந்தது.

அந்த அத்தையோ கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தானும் பார்க்கவில்லை, பார்க்கிறவளையும் விடவில்லை. வைக்கோல் போர் நாய் என்று சும்மாவா சொன்னார்கள்? இன்றைக்கு இவரை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

காட்டைத் தாண்டியதும் ஒரு டீக்கடை. கணவர் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தட்டிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துப் போனார். நாத்தனார் மட்டும் இறங்கவில்லை.

வசதியாகப் போயிற்று என்று அவள் பின் ஜன்னலுக்கு வந்தாள். கேட்க நினைத்ததெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உள்ளங்கைகள் ரத்தமே இல்லாமல் வெளுத்துப் போயிருந்தன.

“இன்னும் என்ன ஜன்னல்? இறங்கலையா?”

தம்பி கடைக்குள் போய்விட்டாரா என்று நாத்தனார் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு கையை எடுத்தார்.

கண்ணாடி தடதடவென்று பாதிக் கதவுக்கு இறங்கிவிட்டது. கைப்பிடியைச் சுற்றிக் காட்டினார். அது சும்மா சுற்றியது.

“சின்னவ மூக்குக்கு நேரா இறங்க ஆரம்பிச்சுது. அங்க வச்சு சொன்னா தம்பி பதறிப்போய் வண்டியை நிறுத்திடுவான். நிறுத்துற இடமா அது?”

அவளுக்குக் கரடி நின்ற இடம் நினைவுக்கு வந்தது.

“இங்க வந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே, அண்ணி.”

“சொன்னா நீ வண்டியை வித்துடுவியே.” நாத்தனார் விரல்களை மெல்ல மடக்கி நீட்டினார். “வீட்டுக்குப் போனதும் நானே அவன்கிட்ட சொல்லிக்கறேன், சரி பண்ணிடுவான். இன்னிக்கு ஒரு நாள் அவன் சந்தோஷமா இருக்கட்டும்.”

கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மழை தூற ஆரம்பித்தது. கணவர் டீயோடு வந்தார். ஒரு ஸ்குரூகூடக் கழலவில்லை பார்த்தாயா, இப்போது என்ன சொல்கிறாய் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்.

“நல்ல வண்டிதாங்க. இருக்கட்டும்” என்றாள் அவள்.

டீயைக் குடித்து முடித்ததும் நாத்தனாரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் முன் சீட்டில் உட்கார வைத்தாள். அத்தை இடத்தைக் காலி செய்த சந்தோஷத்தில் சின்னவள் ஓடி வந்து ஜன்னலோரம் ஏறிக்கொண்டாள்.

அவள் மகளை இடுப்போடு தூக்கினாள்.

“நீ நடுவுல உக்காரு. ஜன்னல் எனக்கு வேணும்.”