வெறும் டும்... டும்

“மோளே, இதுல டும்மு கொஞ்சம் பைய விழணும்.”

லிஜா ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். நேற்று இதே மத்தியாஸ் மாமாதான் வந்து, இன்னும் வேகமாக விழ வேண்டும் என்றார்.

“மாமா, நேத்து வேகமா வேணும்னியளே?”

“சொன்னேன். வீட்டுல கொண்டு போய் போட்டுப் பாத்தேன். சரியா வரல.”

லிஜா சென்னையில் சவுண்ட் இன்ஜினியரிங் படித்தவள். குளச்சலில் தன் வீட்டு மாடியறையில் லேப்டாப்பும் ஒரு சின்ன கீபோர்டும் வைத்துக்கொண்டு பீட் போடுகிறாள். கரோல் பாட்டு, குறும்படம், கல்யாண வீடியோ எல்லாவற்றுக்கும் அவளைத் தேடித்தான் வருவார்கள். யாரும் இப்படி உயிரை எடுத்ததில்லை.

மத்தியாஸின் மகள் ஜின்சிக்குக் கல்யாணம். பெண் கோயிலுக்குள் நடந்து வரும்போது போடுவதற்கு ஓர் இசை வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆசை ஆசையாகச் செய்திருந்தாள். மேலே வயலின், கீழே நெஞ்சை அதிர வைக்கும் பாஸ், நடுவில் சரசரவென்று உருளும் ஹை-ஹேட் தாளத்தட்டு. அந்த வருஷம் யூட்யூபில் எதைத் திறந்தாலும் அந்த உருட்டல்தான்.

“இந்த சிக்குச்சிக்குச் சத்தம் என்னத்துக்கு? எடுத்துரு.”

எடுத்தாள்.

“வயலின் டும்மை முழுங்குது. குறை.”

குறைத்தாள்.

மிச்சமிருந்ததில் ஓர் இடத்தையாவது உருப்படியாகச் செய்வோம் என்று, பாட்டின் பாதியில் தாளத்தை நிறுத்தி, மறுபடி கொண்டுவந்து சேர்த்தாள். கேட்டபோது அவளுக்கே புல்லரித்தது.

மறுநாள் பென்டிரைவோடு படியேறி வந்த மத்தியாஸின் முகம் கறுத்திருந்தது.

“நடுவுல எதுக்குட்டி நிறுத்துன?”

“அதுக்குப் பேரு டிராப் மாமா. தாளம் சட்டுனு நிக்கும். எல்லாரும் மூச்சைப் பிடிச்சிட்டு இருக்கும்போ டமார்னு திரும்ப வரும். இப்பம் எல்லாப் பாட்டுலயும் இப்பிடித்தான்.”

“எல்லாப் பாட்டும் எக்கேடும் கெட்டுப் போட்டு. எனக்க பாட்டுல நிக்கப்பிடாது. கேட்டியா?”

லிஜாவுக்குப் பொறுமை போயிற்று. “அப்பம் ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொண்டுபோய் மைக் முன்னால வையுங்க!”

அவர் கோபப்படவில்லை. “வச்சுப் பாத்தேன் மோளே. சத்தம் காணாது.”

இந்த மனுஷனிடம் என்ன பேசுவது? எல்லாவற்றையும் வழித்து எடுத்தாள். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே டும்... டும்... டும். பின்னால், இருக்கிறதா இல்லையா என்று ஒரு வயலின்.

“இதுதான் கொள்ளாம்,” என்று மத்தியாஸ் சந்தோஷமாக இறங்கிப் போனார்.

கல்யாணத்தன்று கோயிலில், சவுண்ட் மிக்சர் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த லிஜாவுக்குத் தலை நிமிரவே கூச்சமாக இருந்தது. மணி அடித்தது. பாட்டைப் போட்டாள். டும்... டும்...

பாடகர் குழுவில் ஆர்கன் வாசிக்கும் ஜெபசீலன் குனிந்து முணுமுணுத்தார். “இதென்ன லிஜா, துறைமுகத்துல தூண் அடிச்சு இறக்கியது மாதிரி?”

“கேட்டதைக் குடுத்தேன் சார்.”

வாசலில் ஜின்சி நின்றாள். அவள் கையைப் பிடித்திருந்தது அப்பா இல்லை, அம்மா ஜெயபாய். ஜனம் திரும்பிப் பார்த்தது. இருவரும் நகரவில்லை. வாசற்படியைத் தாண்ட ஜெயபாயின் கால் எழும்பவே இல்லை. புடவைக் கரை மட்டும் நடுங்கியது.

மத்தியாஸ் விறுவிறுவென்று லிஜாவிடம் வந்தார். “கூட்டு மோளே. டும்மைக் கூட்டு.”

இன்னுமா என்று எரிச்சலோடு கூட்டினாள். தூண்களெல்லாம் அதிர்ந்தன.

டும். ஜெயபாயின் வலது கால் படியைத் தாண்டியது.

டும். இடது கால்.

டும். மறுபடி வலது.

லிஜா மத்தியாஸைப் பார்த்தாள். அவர் மனைவியின் பாதங்களிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

“உதறுவாதம் மோளே. கால் தரையில ஒட்டிப்போவும். தாளம் கேட்டா மட்டும் எடுத்து வைப்பா. மோளுக்க கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாறது நான்தான்னு அவளுக்கு ஒரே பிடிவாதம். தெனமும் வீட்டு நடையில உனக்க பாட்டைப் போட்டு அவள நடத்திப் பாத்தேன். அன்னைக்கு நீ நடுவுல நிறுத்துனேல்லா, அவளும் நின்னு அப்பிடியே விழுந்துட்டா.”

“எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா மாமா?”

“ஆரட்டயும் சொல்லாதியன்னுட்டா. எனக்க மோளுக்க கல்யாணத்துல என்ன ஆரும் பாவமாப் பாக்கப்பிடாதுன்னா.”

சொல்லிவிட்டு, மனைவியை எதிர்கொள்ள பீடத்தை நோக்கிப் போனார்.

கூட்டத்தில் சிரிப்பு கேட்டது. யாரோ காதைப் பொத்தினார்கள். ஜெயபாய் யாரையும் பார்க்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, ராணி மாதிரி வந்துகொண்டிருந்தாள்.

ஜெபசீலனால் தாங்க முடியவில்லை. “சகிக்கல லிஜா. இந்தச் சவத்த நிறுத்து, நான் ஆர்கன்ல நல்லதா ஒண்ணு வாசிக்கேன்” என்று லேப்டாப்பை மூடக் கை நீட்டினார்.

லிஜா அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“தொடாதீங்க சார். அவிய இன்னும் பீடத்துக்குப் போய்ச் சேரல.”