தூங்கிப் பார்த்த கூடு

அத்திமரத்துத் தையல்சிட்டு தன் வீட்டிலேயே கூடு தைத்துக் கொடுத்து வந்தது. பஞ்சு அடைப்பது அணிலின் வேலை. தைத்த கூட்டில் ஒரு மத்தியானம் தூங்கிப் பார்க்காமல் சிட்டு எதையும் யாருக்கும் கொடுக்காது.

"ஆர்டர் குவிஞ்சு கிடக்கு, நீ தூங்கறியே அக்கா" என்று அணில் முணுமுணுக்கும். ஒருநாள் அவசரத்தில் ஒரு மூலையில் பஞ்சு வைக்காமல் விட்டது. யாருக்குத் தெரியப்போகிறது?

காற்றில் கூடு மெல்ல ஆடியது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த சிட்டு கண் திறந்தது.

"கனவுல நான் முட்டையா இருந்தேன். இடது பக்கம் மட்டும் சில்லுன்னு இருந்துச்சு."

அணில் தலையைக் குனிந்துகொண்டு பஞ்சு எடுக்கப் போனது.

மறுநாள் மத்தியானம் கொண்டைக்குருவி பறந்து வந்து, "என் கூடு இன்னுமா ஆகலை?" என்று கத்தியது. கூட்டுக்குள்ளிருந்து மெல்லிய குறட்டை கேட்டது.

"மெதுவாப் பேசுங்க" என்றது அணில். "உள்ளே வேலை நடந்துட்டிருக்கு."