இரண்டாம் குழுவுக்கு ஓர் ஆள்

சங்கரம்மாள் நழுவப் பார்க்கிறாள் என்றுதான் மாரிச்செல்விக்குத் தோன்றியது. அம்மன் கோயில் மண்டபத்துப் படியில் நின்றுகொண்டு செல்போனைப் பார்ப்பதும், சாரலைப் பார்ப்பதும், மறுபடி செல்போனைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"உள்ள வாங்க சித்தி, நனையுதீங்கள்லா!"

"வாரேன் பிள்ள. மவன்தான் போன்ல நச்சரிக்கான். சரியா, இல்லையான்னு இன்னைக்கே சொல்லணுமாம்."

இதெல்லாம் உனக்கு எதுக்கு என்று மகன் தடுத்துவிட்டால் மாரிச்செல்வியின் கதை முடிந்தது.

அவள் எம்.எஸ்சி. கடைசி வருஷம். ஆராய்ச்சி முறைகள் பாடத்துக்காக அவள் எடுத்துக்கொண்டது பீடி சுற்றும் பெண்களின் கழுத்துவலி. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் மேலகரத்தில் எத்தனையோ வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள், ஆளுக்கா பஞ்சம் என்று நினைத்துவிட்டாள்.

முதல் குழுவுக்குக் கழுத்துப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டாம் குழுவுக்கு ஒன்றும் கிடையாது, வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்; சிவப்புக் காகிதம் வந்தால் முதல் குழு, வெள்ளை வந்தால் இரண்டாம் குழு.

"ஒண்ணும் சொல்லித்தர மாட்டியாம், பெறவு நான் எதுக்கு வரணும்?" என்று இரண்டாம் குழுக்காரிகள் ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டார்கள். கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான பால்வண்ணநாதன் சாரோ காலையில் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "நாளைக்கு ரெண்டு குழுவும் சரிக்குச் சரியா இருக்கணும்மா. இல்லன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இன்னொண்ணு, சீட்டுல என்ன விழுதோ அதுதான் முடிவு. உன் கை அதுல படவே கூடாது."

இரண்டும் சேர்ந்து நடக்கிற காரியமா? அடுத்த வருஷமாம்! சுரண்டையில் மாப்பிள்ளை பார்த்து வைத்துக்கொண்டு, பரீட்சை முடியட்டும் என்று வீட்டில் காத்திருக்கிறார்கள். இந்த வருஷம் போனால் படிப்பே போச்சு.

இரண்டாம் குழுவில் ஒரே ஓர் ஆள்தான் குறைந்தது. சங்கரம்மாள் அந்த ஆளாக வந்தே தீர வேண்டும். மாரிச்செல்வி தூணுக்குப் பின்னால் திரும்பி நின்று, சிவப்புக் காகிதத்தைக் கைப்பைக்குள் திணித்துவிட்டு, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைக் காகிதத்தையே வைத்து மடித்தாள்.

என்ன பெரிய குற்றம், எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பயிற்சியைத் தனியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போச்சு என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

சங்கரம்மாள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். "சிவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. அப்படித்தானே பிள்ள?"

"ஆமா சித்தி. சிவப்பு வந்தா முதல் குழு, வெள்ளை வந்தா..."

"குழுவெல்லாம் கெடக்கட்டும். வந்தது வந்ததுதானே? பெறவு மாத்த முடியாதுல்லா?"

"மாத்தவே முடியாது சித்தி. அதான் முறை."

"நமக்கு வேண்டியதுதான் வரணும்னு யாரும் எதுவும் செஞ்சுர முடியாதே?"

"இதுல மனுஷங்க கையே கிடையாது சித்தி." வகுப்பில் படித்ததைத்தான் சொன்னாள். பொய் இத்தனை சுலபமாக வாயில் வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. சங்கரம்மாளின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்து, பொட்டலங்களைக் கீழே போட்டாள்.

"இங்கன ஈரமா கெடக்கு. அங்கன போடு." சங்கரம்மாள் கருவறைக்கு நேர் முன்னால் கையைக் காட்டினாள்.

போட்டாள். சங்கரம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். ஒரு சீட்டு எடுக்க இவ்வளவு யோசனையா என்று மாரிச்செல்விக்குப் பொறுக்கவில்லை. எங்கே மனசு மாறித் திரும்பிப் போய்விடுவாளோ என்று படிப்பக்கம் நகர்ந்து நின்றுகொண்டாள்.

ஒருவழியாகக் குனிந்து, இடப்பக்கம் கிடந்ததை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

மாரிச்செல்விக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மற்றொரு பொட்டலத்தை அவசரமாகப் பொறுக்கிக் கைக்குள் கசக்கிக்கொண்டாள்.

சங்கரம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பாவம், பயிற்சி கிடைக்காமல் போனதுக்கு இப்படி அழுகிறாளே என்று மாரிச்செல்விக்கு மனசு சுட்டது.

"வருத்தப்படாதீங்க சித்தி. கொஞ்ச நாள் கழிச்சு உங்களுக்கும் சொல்லித்தாரேன்."

"வருத்தம் இல்ல பிள்ள. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க, எதைக் கேக்கன்னு தெரியாம பைத்தியம் பிடிச்ச மாதிரி கெடந்தேன். நல்ல வேளை, நீ வந்து சேந்த." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த வெள்ளைக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இரண்டு குழுவும் சரிக்குச் சரி. சாருக்குச் சொல்லிவிடலாம் என்று மாரிச்செல்வி செல்போனை எடுப்பதற்குள் சங்கரம்மாள் தன்னுடைய போனைக் காதில் வைத்திருந்தாள்.

"ஏலே முத்துகுமரா, அம்மன் வெள்ளைதான் குடுத்திருக்கா. ஆப்பரேசன் வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு, அப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருலே."