மீசை வச்ச ஏழு

உண்மையைச் சொல்லுங்க. நம்ம ஆபீஸ்ல அடுத்தவங்க வேலைக்கு நேரா சிவப்புப் பொட்டு விழுந்தா உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும்ல? மூஞ்சியை மட்டும் துக்க வீட்டுக்குப் போற மாதிரி வச்சுக்குவோம். நீங்க அப்படி இல்லையா? சரி, நம்பிட்டேன்.

வாயாடிக்கு அன்னிக்குக் காலைல அப்படித்தான் இருந்துச்சு.

பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துல அவன் எடுபிடி. காலேஜுக்கு ரெண்டாவது வருஷமே கும்பிடு போட்டவன். ஆறு மாசத்துக்கு ஒருதடவை இயக்குநர் கையெழுத்துப் போட்டாத்தான் வேலை நீளும். இந்தத் தடவைக்கான காகிதம் அவர் மேஜையிலதான் கிடந்துச்சு.

கூட்ட அறைச் சுவர்ல நிலையத்தோட அஞ்சு வருஷத்துக்கான எட்டு இலக்கும் அவன் கையெழுத்து. ஏழுங்கிற எண்ணை மட்டும் நடுவுல ஒரு குறுக்குக் கோடு இழுத்து, மீசை வச்சுத்தான் எழுதுவான். முடிஞ்ச இலக்குக்குப் பச்சைப் பொட்டு, ஊத்திக்கிட்டதுக்குச் சிவப்பு.

ஏழு பச்சை. ஒரே ஒரு சிவப்பு, அங்க மூத்த ஆராய்ச்சியாளரான டாக்டரம்மாவோட இலக்கு ஏழுக்கு. ஒரு சொட்டு ரத்தத்துல சிறுநீரக நோயை முன்னாடியே கண்டுபிடிக்கிற வேலை. ஏன் ஊத்திக்கிச்சுன்னு யார் கேட்டாலும், "மதிப்பீட்டுக் குழு முன்னாடி சொல்றேன்"னுதான் அவங்க பதில்.

"ஓரமா ஒட்டவா மேடம்? பூச்சாடி வச்சு மறைச்சிடலாம்."

"நடுவுலயே ஒட்டு."

"ஒட்டியாச்சு. நெத்திப் பொட்டு மாதிரி கச்சிதமா இருக்கு."

எப்பவும் சிரிக்கிறவங்க, சிரிக்கல.

பத்து மணிக்கு மதிப்பீட்டுக் குழு வந்துச்சு. மூணு பேர். இயக்குநரும் டாக்டரம்மாவும் எதிர்ல உக்காந்தாங்க. வாயாடி தண்ணி பாட்டிலை வச்சுட்டு மூலையில நின்னான்.

குழுத் தலைவர் நேரா சிவப்புக்குத்தான் வந்தார்.

"முந்நூறு பேர் ரத்தம் கொடுத்திருக்காங்க. கெட்டுப்போச்சா?"

"கெடல சார். எது யாரோடதுன்னுதான் தெரியல."

டாக்டரம்மா ஒரு சின்ன ட்யூபை எடுத்து மேஜை மேல வச்சாங்க.

"ட்யூபை ஸ்பிரிட் போட்டுத் துடைப்போம். அதுக்குன்னு அழியாத பேனா இருக்கு. அதுலதான் நம்பர் எழுதணும். சாதா பேனாவுல எழுதியாச்சு. துடைச்சதும் எல்லாம் போயிடுச்சு."

வாயாடி அந்த ட்யூபையே பார்த்தான்.

அழியாத பேனா மூணாவது மாடி ஸ்டோர்ல இருக்கும். ட்யூபுல நம்பர் எழுதின வாரம் லிஃப்ட் ரிப்பேர். மகளுக்கு ஆபரேஷன்னு டாக்டரம்மா லீவு. போறப்போ, "அந்தப் பேனாவுலதான் எழுதணும்"னு அவன்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டுத்தான் போனாங்க.

"யார் எழுதினது?" இயக்குநர் கேட்டார்.

"நான்தான் சார்," டாக்டரம்மா சொன்னாங்க.

"இருபது வருஷ சர்வீஸ். எந்தப் பேனாவுல எழுதணும்னு உங்களுக்குத் தெரியாது?"

"தப்புதான் சார்."

"அடுத்த மாசம் உங்களைத் துறைத் தலைவர் ஆக்கலாம்னு இருந்தேன். அதை மறந்துடுங்க."

"சரி சார்."

குழுத் தலைவர் ட்யூபை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தார். அதுல அழியாம ஒரே ஒரு எண் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஏழு. நடுவுல மீசையோட.

அவர் தலைக்குப் பின்னாடி சுவர்ல அதே ஏழு, அதே மீசை. கழுத்தைக் கொஞ்சம் திருப்பினாப் போதும்.

டாக்டரம்மா சட்டுனு எந்திரிச்சு ட்யூபை வாங்கினாங்க. கட்டைவிரலால அந்த எண்ணை மூடிக்கிட்டாங்க.

"தம்பி, நீ போய் எல்லாருக்கும் டீ கொண்டு வா."

அவங்க அவனைப் பார்க்கக்கூட இல்ல.

வாயாடி கதவு வரைக்கும் போனான். கைப்பிடியில கையை வச்சான். அதை விட்டுட்டுத் திரும்பினான்.

"சார், அந்த ஏழுக்கு மீசை வச்சது நான். மாடி ஏறச் சோம்பல்பட்டு, கையில கிடைச்ச பேனாவுல முந்நூறையும் எழுதினதும் நான்தான்."