இரண்டே நிமிஷம்

லிஃப்ட் கதவு மூடியதும்தான் எனக்கு மூச்சே வந்தது. ஒருவழியாகக் கோபுரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம்.

என் வீட்டுக்காரர் கண்ணாடிச் சுவர் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் பிடித்துவிட்டதா இல்லையா என்று ஒன்றும் பிடிபடவில்லை.

பிடித்தே ஆக வேண்டும்.

கல்யாணமாகி இரண்டு வருஷம். நான் இந்தத் தலைநகரத்தில், அவர் எங்கள் ஊரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். கண் பரிசோதிக்கிற வேலை. மாதம் ஒரு சனி ஞாயிறு நான்தான் ஊருக்கு ஓடுவேன். இந்தத் தடவைதான் அதிசயமாக அவர் வந்திருக்கிறார், இன்று சனிக்கிழமை காலையில்தான் வந்து இறங்கினார். ஊரைச் சுற்றிக் காட்டி ஆளை மயக்கி, இங்கேயே வேலை தேடிக்கொள்கிறேன் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட வேண்டும்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்பார்கள். நடந்த கல்யாணத்தை ஒரே வீட்டுக்குள் கொண்டுவர இன்னும் நாலு பொய் சொன்னால் குடியா முழுகிவிடும்?

நான் சொன்ன பெரிய பொய், இந்த ஊர் எனக்கு அத்துப்படி என்பது.

நான் சுரங்க ரயில் ஓட்டுகிறவள். அரண்மனை, பாலம், கோபுரம் எல்லாவற்றுக்கும் அடியில் தினமும் போகிறேன், வருகிறேன். மேலே ஏறிப் பார்த்ததே இல்லை. ஷிஃப்ட் முடிந்தால் அறைக்கு வந்து கட்டையைச் சாய்ப்பதோடு சரி. ஃபோனில் மட்டும், இன்றைக்கு அரண்மனைப் பக்கம் போயிருந்தேன் என்று அளந்துவிடுவேன்.

காலையில் அந்த அரண்மனையைப் பார்த்ததும் நானே வாயைப் பிளந்தேன். இத்தனை நாளும் என் தலைக்கு மேலேயா இது நின்றுகொண்டிருந்தது? சட்டென்று வாயை மூடிக்கொண்டேன். அடிக்கடி பார்க்கிறவள் அல்லவா.

"இங்கேருந்து பாலம் ரெண்டே நிமிஷம். நடந்தே போயிடலாம்" என்றேன்.

என் வண்டியில் இரண்டே நிமிஷம்தான். நடுவில் ஒரு குன்றும், அதைச் சுற்றி முடிவே இல்லாத ஒரு மதில் சுவரும் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? நடந்தோம், நடந்தோம், கால் கழன்று விழாத குறையாக நடந்தோம். அந்த மனிதர் முகம் சுளிக்கவில்லை. ரெண்டு நிமிஷம் ஆச்சா என்று ஒரே ஒரு முறை கேட்டார். அவ்வளவுதான்.

சுரங்கத்துக்குள் வழி பிரிந்தால் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். மேலே ஒவ்வொரு முச்சந்தியிலும் எந்தப் பக்கம் திரும்புவது என்று நானே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் என் பக்கம் அதிர்ஷ்டம் இருந்தது. நான் திருதிருவென்று விழிக்கும்போதெல்லாம் அவருக்குத் தாகம் எடுத்தது. அதோ அந்தக் கடையில் தண்ணீர் வாங்கிவிடலாம் என்று முன்னால் நடப்பார். பின்னாலேயே போனால், கடையைத் தாண்டியதும் நான் தேடியது எதிரே நிற்கும். நான்தான் சொன்னேனே என்று தலையை நிமிர்த்திக்கொள்வேன். அவர் பாட்டிலை என் பையில் போட்டுவிட்டு, ஆமாம், நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பார்.

பை கனத்துத் தோள் வலித்தது. அதனால் என்ன? எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கீழே கோபுர வாசலில் எல்லோருக்கும் மணிக்கட்டில் ஊதா முத்திரை குத்தினார்கள். அவர் மட்டும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றாமல் இடது புறங்கையை நீட்டினார். இந்த வெயிலில் இந்தச் சட்டை எதற்கு என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து அவருடைய ஃபோன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார், பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். எனக்குப் பக்கென்றது. கடை முதலாளியாகத்தான் இருக்கும். இன்றைக்கே கிளம்பி வா என்றிருப்பார்.

லிஃப்ட் நின்றது. உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது.

அம்மாடி. எவ்வளவு பெரிய ஊர். அரண்மனை, பாலம், நாங்கள் நடந்து செத்த அந்த மதில் சுவர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு வீடு வீடு. என் தலைக்கு மேலே இருந்ததெல்லாம் இப்போது காலுக்குக் கீழே. அத்துப்படி ஆனவள் என்பதை மறந்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

அவர் பின்னால் வந்து நின்றார். கடையில் வருகிறவர்களுக்குச் செய்வதுபோல, வலது உள்ளங்கையால் என் வலது கண்ணை மூடினார்.

"அந்தப் பச்சைக் கட்டடத்து மேல என்ன எழுதியிருக்கு, படி."

விளையாட்டு என்று நினைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். கண் ஆஸ்பத்திரி.

"ஒண்ணாம் தேதியிலேருந்து எனக்கு அங்கதான் வேலை. இப்பதான் மெசேஜ் வந்துச்சு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழுதேனா சிரித்தேனா தெரியாது. நேரில் பார்க்காமல் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்கத்தான் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். சட்டைக் கை மேலே ஏறியிருந்தது. மணிக்கட்டில் ஒரு ஊதா முத்திரை. இதே கோபுரத்து முத்திரைதான். தேய்த்துக் கழுவியும் போகாமல் பாதி அழிந்து கிடந்தது.

"வியாழக்கிழமையே வந்துட்டேன்" என்றார்.

நான் பையைத் தோளிலிருந்து இறக்கித் திறந்தேன். உள்ளே மூன்று தண்ணீர் பாட்டில்கள். ஒன்றின் மூடிகூடத் திறந்திருக்கவில்லை.