நாலு கட்டையில் ஒரு பாட்டு

தாலாட்டு என்று முடிவு செய்துகொண்டுதான் அவள் மேடை ஏறினாள்.

தாலாட்டு போதும் என்று நாடகக் குழுவை நடத்தும் சற்குணமே போனில் சொல்லியிருந்தார். "புது நாடகத்துல ராஜமாதா வேஷம். கனமான குரல் வேணும். சும்மா வந்து ஒரு தாலாட்டு பாடிட்டுப் போ. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

கனமான குரலாம்.

பதினாறு வருடத்துக்கு முன்பு அதே வாய்தான் அதை ஆம்பளைக் குரல் என்றது. நாடகக் குழு முழுக்க உட்கார்ந்திருந்தது. கதாநாயகி வேஷத்தை அன்றைக்கு அவளிடமிருந்து பிடுங்கினார். பாட்டையும் சேர்த்துப் பிடுங்கினார்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். அவளுக்கு ஆறவே இல்லை.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் மாமியார்கள், சூனியக்காரிகள், ஒரு தடவை பேசும் ஆலமரம். அடித்தொண்டையில் பாடும் பெண்ணுக்கு நாடகக்காரர்கள் எடுத்து வைத்திருப்பது அவ்வளவுதான். ராஜமாதாவுக்கு ஐந்து பாட்டு. கடைசிக் காட்சி முழுக்க அவளுடையது. இதை விட்டால் இந்த ஜென்மத்தில் இன்னொன்று வராது.

அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம் பாட்டுப் பொறுக்கினாள். பெண்களுக்கென்று போட்ட மேடைப் பாட்டுகளில் பாதி அவளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. சுருதியை இறக்கினால் மீதிப் பாட்டுகளுக்கு உயிர் போய்விட்டது. ஆண்கள் பாட்டைப் பாடினால் மறுபடியும் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டிவரும். கடைசியில் தாலாட்டில் வந்து நின்றாள்.

எதிரே நாற்காலியில் சற்குணம். பக்கத்தில் மாதங்கி, அவர் மனைவி, குழுவின் நிரந்தரக் கதாநாயகி. இருவரும்தான் ஆள் எடுக்கிறார்கள்.

மாதங்கி அவளை முன்பின் பார்த்ததில்லை. நன்றாகத்தான் சிரித்தாள். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

காத்திருந்த பெண்களில் ஒருத்தி, மாதங்கியின் பிரபலமான பாட்டு பிறந்த கதையைக் கேட்டுவிட்டாள். மாதங்கி அதைச் சொல்லாத பேட்டி கிடையாது.

"என்னை முதன்முதலா பார்த்துட்டுப் போன அன்னிக்கே இவர் போட்ட மெட்டு. என் குரலை நினைச்சே போட்டாராம்."

சற்குணம் தலையைக் குனிந்து வெட்கப்பட்டார்.

வெட்கம்!



பதினாறு வருடத்துக்கு முந்தைய ஒத்திகை அறை. மின்சாரம் போன ஒரு மத்தியானம். அவள் பாடப் பாட, அவர் ஹார்மோனியத்தில் தேடித் தேடி, வரி வரியாக வந்த மெட்டு. வேறு யார் பாடினாலும் இது நிற்காது என்று சொல்லி அவள் நெற்றியில் முத்தமிட்டார்.

டேனியல் கீபோர்டில் விரல் வைத்துக் காத்திருந்தார். "எந்தப் பாட்டும்மா?"

தாலாட்டு என்று சொன்னால் ராஜமாதா.

"கதவைச் சாத்திக்கொண்டேன்" என்றாள்.

ஹால் சலசலத்தது. அதுதான் மாதங்கியின் அந்தப் பாட்டு. மாதங்கியை எதிரே வைத்துக்கொண்டு அதைப் பாட யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

"ஐந்தரைக் கட்டைதானே?" எல்லாரும் பாடும் சுருதி அது.

"நாலு."

சற்குணம் நிமிர்ந்தார். நேரமில்லை, தாலாட்டே போதும் என்றார். மாதங்கிதான் கையைக் காட்டி அவரை அடக்கினாள். பாடட்டுமே.

பாடினாள்.

கதவைச் சாத்திக்கொண்டேன். இனி நீ தட்டலாம்.

மாதங்கி பாடினால் அது செல்லக் கோபம். 'தட்டலாம்' என்கிற இடத்தில் மெட்டு திடீரென்று மேலே துள்ளும். அங்கே கைதட்டல் விழும். அந்தத் துள்ளல் தனக்கு முதலில் ஒட்டவே இல்லை என்று மாதங்கியே பேட்டிகளில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அதுதான் அழகு என்று இவர் சொன்னாராம்.

அழகுமில்லை, ஒன்றுமில்லை. மாதங்கிக்குக் கீழே எட்டவில்லை. அதனால் தூக்கிக் கட்டிவிட்டார்.

அவள் அந்த இடத்தில் கீழே இறங்கினாள்.

அவசரமில்லாமல் இறங்கினாள். 'தட்டலாம்' அடியில் போய் உட்கார்ந்தது. இனி எவன் தட்டினாலும் திறக்காது என்பது கடைசி வரிசைவரை கேட்டது.

யாரும் கைதட்டவில்லை.

மாதங்கியின் உதடுகள் அசைந்தன. அந்த இறக்கத்தைத் தனக்குள் பாடிப் பார்த்தாள். முகம் மாறியது. எவ்வளவானாலும் பாடகி. அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இது யாருக்குப் போட்ட மெட்டு?"

புருஷன் பக்கம் திரும்பாமலேதான் கேட்டாள்.

சற்குணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மேடையைப் பார்த்தார்.

கெஞ்சுகிற பார்வை. ஏதாவது சொல்லிச் சமாளியேன் என்கிற பார்வை.

அவர் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. பார்க்க நன்றாக இருந்தது.

ராஜமாதா போய்விட்டாள். போகட்டும்.

டேனியல் கீபோர்டிலிருந்து கையை எடுக்கப் போனார். வேண்டாம், அப்படியே வாசியுங்கள் என்று அவள் சைகை காட்டினாள்.

அந்தப் பாட்டுக்கு ஒரே ஒரு சரணம்தான் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. மாதங்கியும்.

அவள் இரண்டாவதைத் தொடங்கினாள்.