கலர் வராத சிப்

"கலரே வராதும்மா, புரியுதா? சட்டை, ரத்தம், ஆகாசம் எல்லாமே சாம்பல் பூசின மாதிரி தெரியும். அந்தக் கண்றாவிக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தீங்க?"

டெர்லிஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். சியுதாத் டெல் எஸ்தே நகரத்து அங்காடியில், கைநீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கும் ஒரு கடையில், வீடியோ கேம் பெட்டிகளுக்கு சிப் வைத்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. சிப் இல்லாத பெட்டி வெளிநாட்டு டிஸ்க்கைத் தொடாது.

எதிரே ப்ளாசிதா அம்மாள். ஐம்பது வயதிருக்கும். மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போகிற பையில், பெட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"பச்சை சிப்புல என்ன குறைன்னு சொன்னே தம்பி?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்லை. கலர் பிரமாதமா வரும். சத்தத்துல மட்டும் லேசா ஒரு இரைச்சல், கொசு சுத்துற மாதிரி. அதை யாரு காது கொடுத்துக் கேக்கப் போறா? நீல சிப்புல சத்தம் சுத்தம். ஆனா நம்ம ஊர் டிவியில கலர் போயிடும். இங்க வர்றவங்க எல்லாரும் பச்சைதான் வைக்கிறாங்க."

"வச்சுட்டு அப்புறமா மாத்திக்க முடியாதா?"

"ஈயம் உருக்கி ஒட்டுறதும்மா. பிடுங்கினா பெட்டியே செத்துடும்."

அவர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"பெட்டி செத்தா என் வீட்டுக்காரர் லிபோரியோவும் பாதி செத்த மாதிரிதான். அவருக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் இந்தச் சண்டை ஆட்டம். இதுல அடிக்க இனிமே ஆளே இல்லைன்னு உம்முனு உக்காந்திருக்காரு. என் தம்பி புதுசா ஜப்பான் டிஸ்க் ஒண்ணு கொண்டு வந்தான். பெட்டி அதைத் துப்பிடுச்சு."

மூலையில் ஸ்டூல் போட்டு, குழல் வைத்துக் குளிர்ந்த தெரெரே டீ உறிஞ்சிக்கொண்டிருந்த வில்ஃப்ரிதோவுக்குப் புரையேறிவிட்டது. அந்த ஆட்டத்தில் அங்காடியின் வீரன் என்று அவனைத்தான் சொல்வார்கள். முக்கியமாக அவனே சொல்வான். கடைச் சுவரில் அவன் படம்கூட இருக்கிறது.

"அடிக்க ஆளே இல்லையாமா? என்கிட்ட அனுப்புங்கம்மா அவரை. ஒரே உயிர்ல நாப்பது பேரை அடிச்சவன் நான்!"

"நீ சும்மா இருடா," என்றான் டெர்லிஸ். பச்சை வைத்த ஒரு பெட்டியையும் நீலம் வைத்த ஒரு பெட்டியையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டான். ப்ளாசிதா திரைப் பக்கம் திரும்பவேயில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றார்.

"காகுப்பே மாதாவைக் கும்பிடுறாங்க போல," என்றான் வில்ஃப்ரிதோ.

ப்ளாசிதா கண்ணைத் திறந்தார். "நீலமே வை தம்பி. அவருக்கு இரைச்சல் ஆகாது."

டெர்லிஸ் பெருமூச்சு விட்டான். இவர்கள் வீட்டில் பழைய கறுப்பு வெள்ளை டிவி போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டான். பிரிப்பதற்கு முன் அவருடைய பெட்டி ஓடுகிறதா என்று பார்க்க டிவியில் மாட்டினான். உள்ளே இருந்த பழைய ஆட்டம் ஓடி, வெற்றிப் பட்டியல் திரையில் வந்தது.

வில்ஃப்ரிதோவின் வாயிலிருந்து குழல் நழுவியது.

பட்டியலின் கடைசி வரியிலேயே முந்நூறு இருந்தது. ஒரே உயிரில், அடி வாங்கிச் சாகாமல், வரிசையாக முந்நூறு பேர். முதல் வரியில் வெறும் ஒன்பதுகள். அதற்கு மேல் எண்ணப் பெட்டிக்கே தெரியவில்லை.

"டேய்... இங்க வாங்கடா எல்லாரும்!"

பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். செல்போன் விற்பவன் வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு வந்தான். வில்ஃப்ரிதோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"பேரைப் பாருடா," என்றான் மெதுவாக. "பத்து வரியிலயும் ஏ, ஏ, ஏ. பேர் எழுதச் சொன்னா முதல் எழுத்தையே மூணு தட்டு தட்டிட்டுப் போயிருக்காரு. நான் நாப்பதுக்குப் படம் மாட்டிக்கிட்டேன். இவரு பேர்கூட எழுதலை!"

டெர்லிஸ் பெட்டியைப் பிரித்து நீல சிப்பை எடுத்தான். வியர்வையைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு கம்பியாக ஒட்டினான். ஜப்பான் டிஸ்க்கைப் போட்டான். பெட்டி ஏற்றுக்கொண்டது. படம் சாம்பலாக வந்தது. சத்தம் கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தது.

ப்ளாசிதா சிலுவை போட்டுக்கொண்டார். சந்தோஷத்தில் அழுதே விட்டார்.

வில்ஃப்ரிதோவுக்குத் தாங்கவில்லை. "அம்மா, எங்க வீட்டுல ஒரு ஜப்பான் டிவி இருக்கு. அதுல இந்த நீல சிப்புக்கும் கலர் வரும். எடுத்துட்டுப் போங்க, காசே வேண்டாம். இப்படிப்பட்ட மனுஷன் கறுப்பு வெள்ளையில விளையாடக் கூடாது. எனக்கு மனசு ஆறாது."

"உனக்கு நல்ல மனசுப்பா. ஆனா வேண்டாம். எங்க வீட்டுல டிவியே கிடையாது."

"டிவி இல்லையா? அப்புறம் எப்படி விளையாடுறாரு?"

ப்ளாசிதா பெட்டியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"ரேடியோவுல ஒயரைச் செருகிக் கேட்டுக்கிட்டே அடிப்பாரு. பொறந்ததுலேருந்தே கண்ணு தெரியாத மனுஷனுக்கு டிவி எதுக்கு தம்பி?"